சின்ன பேட்டரியும் நீல விளக்கும்

1

மூன்றாவது முறையாகக் கார் செத்த அன்று, நாங்கள் மலேசியாவுக்கு வந்து இருபத்தேழு வருடம் முடிந்திருந்தது. இரண்டையும் விசாரிக்க ஆளில்லை. கிள்ளானில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் நின்றபடி சாவிப் பொத்தானை அழுத்தினேன். கதவு அசையவில்லை. அந்தச் சாவிக்குள்ளேயே ஒளித்துவைத்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவில் விட்டுத் திருகினேன். உள்ளே திரை கறுப்பாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே ‘பேட்டரி மின்னழுத்தம் குறைவு’ என்று மஞ்சள் எழுத்தில் எச்சரித்திருந்தது. நான்தான் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிப் போய்விட்டேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். மின்சாரக் காருக்கு இரண்டு பேட்டரி. தரைக்கடியில் கட்டில் அகலத்துக்கு ஒன்று படுத்திருக்கும். சக்கரத்தை ஓட்டுவது அது. பானெட்டுக்குள் மாவு டப்பா அளவுக்கு இன்னொன்று இருக்கும், பன்னிரண்டு வோல்ட். கதவைத் திறப்பது, திரையை எழுப்புவது, பெரிய பேட்டரிக்கு ‘எழுந்திரு’ என்று சொல்வது எல்லாம் இந்தச் சின்னதுதான். சின்னது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் பிரயோசனமில்லை. கிள்ளானிலிருந்து ஈப்போவுக்குப் போகிற மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்ட முடியாமல் நிற்கும். ஊரில் எங்கள் பங்காளிகள் சிலர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

என் மனைவி வசந்தா காப்பியோடு வெளியே வந்தாள். திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தாள். எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த இடத்தில் என்னைத் திட்டியிருப்பாள். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“மறுபடியும் செத்துப்போச்சா? அப்போ நேத்து ரொம்ப நேரம் பாத்திருக்கா. மனசு உறுத்தியிருக்கும்” என்றாள்.

யார் பார்த்தது, எதைப் பார்த்தது, அதற்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சொல்லி முடிக்கும்போது உங்களுக்கு என் மகள் மேல் கோபம் வரலாம். எனக்கு எல்லோர் மேலும் வந்தது.

2

எங்களுக்கு ஒரே மகள், நிவேதா. இங்கே ரயில் தடங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் வேலைக்கு நான் வந்த பிறகு கிள்ளானில் பிறந்தவள். அவளிடம் இருப்பது நீல அடையாள அட்டை, குடிமக்களுக்கானது. எங்கள் இருவருக்கும் சிவப்பு. இருந்துவிட்டுப் போங்கள் என்று அனுமதித்த அட்டை. அவளுக்கு அந்த நீலத்தை வாங்க எத்தனை கவுன்டரில் எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம் என்பதை அவளிடம் சொன்னால் கொட்டாவி விடுவாள். அட்டை அவளுடைய தோல் மாதிரி. யாராவது வாங்கிக் கொடுத்தது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

படித்து முடித்துப் பெட்டாலிங் ஜெயாவில் வேலை கிடைத்ததும் பழைய கார் ஒன்று வாங்கினாள். ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டுத் தள்ளிவிட்ட மின்சாரக் கார். விற்ற தரகன் தாராள மனசோடு டேஷ்போர்டுக்கு அடியில் கறுப்பு டப்பா ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருந்தான். கார் எங்கே நிற்கிறது என்பதைக் கைப்பேசியில் செயலியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். பிறகு அவள் சுபாங் ஜெயாவில் அடுக்குமாடி வீடு எடுத்துத் தனியாகப் போனாள். புதுக் கார் வந்தது. பழையது எங்கள் வாசலுக்கு வந்தது.

“ஸ்க்ராப்புக்குப் போட்டா ஒண்ணும் கிடைக்காதுப்பா. நீங்க வச்சுக்கங்க லா. கிள்ளான்குள்ளதானே சுத்துறீங்க” என்றாள். பேச்சின் வாலில் ‘லா’ ஒட்டுவது இந்த ஊர்ப் பழக்கம்.

பொருத்தம் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வசந்தாவோ அதைக் கோயிலுக்கு ஓட்டிப் போகச் சொல்லி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, புது மருமகனை வரவேற்பதுபோல வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

கார் வந்தது, மகள் வருவது நின்றது. சுபாங் ஜெயா என்ன கடல் கடந்த இடமா? கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரம். முதலில் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். பிறகு குரல் பதிவு அனுப்பினாள். இப்போது வசந்தா அனுப்பும் காலை வணக்கப் பூப்படத்துக்கு ஒரு கட்டைவிரல் வரும், சில நாள் அதுவும் இல்லை. கார் இன்னமும் அவள் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்ற இருவரும் சேர்ந்து கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அவளுக்கு நேரமில்லை.

“நீயே கூப்பிட வேண்டியதுதானே” என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

“பெத்தவ போய் கெஞ்சணுமா? அவளுக்காத் தோணணும்” என்பாள் வசந்தா. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள்தான் தேடி வர வேண்டும். பெற்றவர்கள் போய் நின்றால் அது கேவலம். கடல் தாண்டி வந்தும் இந்தக் கௌரவத்தை மட்டும் பெட்டியில் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதனால் தினமும் போனைப் பார்ப்பாள், அழைக்க மாட்டாள், என்னைக் கடித்துக் குதறுவாள்.

3

முதல் முறை கார் செத்தபோது குணாவிடம் போனேன். காப்பார் சாலையில் வாகனங்களுக்கு மின்சார வேலை பார்க்கும் கடை வைத்திருப்பவன். அவன் தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டதால் நேற்று வந்த எங்களைப் பார்த்தால் அவனுக்கு ஓர் இளக்காரம் உண்டு.

“பசியாறிட்டீங்களா பாஸ்?” என்று காலைச் சாப்பாட்டை விசாரித்துவிட்டு, பானெட்டைத் திறக்காமலேயே தீர்ப்புச் சொன்னான். “பேட்டரி போச்சு. பழைய காடி, பழைய பேட்டரி. மாத்துனா சரியாயிரும் லா.”

இங்கே காருக்குக் காடி என்று பெயர். மாற்றினான். சில வாரங்கள்தான். திரும்ப மஞ்சள் எழுத்து வந்தது, திரும்பச் செத்தது. குணா இரண்டாவது பேட்டரியை விற்கத் தயாராக நின்றான். “ஒங்களுக்கு நேரம் சரியில்ல பாஸ்” என்றான்.

நான் வாழ்நாள் முழுக்க மின்சாரத்தோடு குடித்தனம் நடத்தியவன். சும்மா நிற்கிற காரில் பேட்டரி தானாகக் காலியாவதில்லை, எதுவோ குடிக்கிறது. வீட்டில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு, கறுப்பு முனையைக் கழற்றி, நடுவே மீட்டரைச் சொருகி, நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கார் தூங்கியது. மீட்டரில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மத்தியானம் வசந்தா சாப்பிடக் கூப்பிடுகிற நேரத்தில் உள்ளே ‘டிக்’ என்றது. டேஷ்போர்டின் கீழ் மூலையில் ஒரு நீல விளக்கு சிமிட்டியது. மீட்டர் எகிறியது. கார் யாரோ தட்டி எழுப்பினதுபோல விழித்துக்கொண்டது. அதன்பிறகு தூங்க மனசே இல்லாமல் வெகுநேரம் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

குணாவிடம் சொன்னேன். வசந்தாவும் கூட வந்திருந்தாள். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குணா டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு அந்தக் கறுப்பு டப்பாவைப் பிடித்து இழுத்தான்.

“பேய் இல்ல பாஸ், டிராக்கர். யாரோ ஆப்பத் திறந்து காடி எங்கன்னு பாக்குறாங்க. பாக்கும்போதெல்லாம் இது காடிய எழுப்பி விடுது. பழைய காடி, எழுந்தா லேசுல படுக்காது. நீங்களும் ஓட்டுறது கம்மி. சின்ன பேட்டரி எப்படித் தாங்கும்?”

“யார் பாக்குறா?”

“என்னைக் கேட்டா? யாரு போன்ல ஆப் இருக்கு?” என்றவன், குறடை எடுத்தான். “ரெண்டு ஒயரு பாஸ். வெட்டிவிட்டா முடிஞ்சுச்சு.”

நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. வசந்தா எழுந்து ஓடி வந்திருந்தாள்.

“வெட்டாதீங்க தம்பி! வெட்டாதீங்க. அது எம்பொண்ணு.”

குணாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான். “பொண்ணு வீட்டுக்கு வராதா ஆன்டி? காடியத்தான் பாக்குமா?”

அந்தச் சிரிப்புக்காக அவனை அறைந்திருக்கலாம். ஆனால் நானும் அதையேதான் நினைத்திருந்தேன். டப்பா இருந்த இடத்துக்கே போனது. இரண்டாவது பேட்டரியும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

4

வசந்தா மாறிப்போனாள். மகள் பேசவில்லை என்று புலம்புவது நின்றது. காலையில் கொஞ்சம், சாப்பாட்டு வேளையில் கொஞ்சம், விளக்கேற்றுகிற நேரத்தில் கொஞ்சம் என்று கார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். நீல விளக்கு சிமிட்டும். “பாக்குறா” என்பாள். ஒருநாள் கண்ணாடி வழியாகக் கையசைப்பதையும் பார்த்தேன்.

“ஆபீஸ் போறப்போ ஒரு தடவ, சாப்பிடறப்போ ஒரு தடவ, வீட்டுக்கு வந்து ஒரு தடவ. எவ்வளவு கரெக்டா நினைக்கிறா பாருங்க.”

எனக்கு அந்தக் கரெக்ட்தான் இடித்தது. எந்த மனிதப் பிறவியும் அப்படி மணியடித்த மாதிரி பார்க்காது. அதிலும் நிவேதா, பள்ளிப் பேருந்தை ஒருநாள்கூடச் சரியான நேரத்துக்குப் பிடித்தவள் இல்லை. சந்தேகத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. வசந்தா சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் வீட்டில் கொஞ்ச நாள் நிம்மதி வேண்டியிருந்தது.

அவளைப் பார்க்கும்போது எனக்கு அருப்புக்கோட்டை ஞாபகம் வரும். நான் ஏங்குவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கிற ஞாபகம் இல்லை. வசந்தா கன்னிப்பெண்ணாக இருந்தபோது தையற்கடைக்குப் போய் வருவதற்குள் மூன்று பேர் அவள் அப்பாவிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள். எந்த நிறத் தாவணி, யாரோடு பேசினாள், எத்தனை நேரம் நின்றாள் என்று. எதிர்வீட்டு ஜன்னலில் எப்போதும் ஒரு கண் இருக்கும். ஒருமுறை தலையில் வைத்த பூ கொஞ்சம் அதிகமாக இருந்தது என்று அடி வாங்கியிருக்கிறாள். மலேசியா வேலையோடு நான் கல்யாணம் பேசப் போனபோது என்னிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி, “அந்த ஊர்ல யாருக்கும் நம்மளத் தெரியாதுல்ல?” என்பதுதான். தெரியாது என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினாள். யாரும் பார்க்காத ஊர் வேண்டும் என்று கேட்டு வந்தவள், இப்போது கார் விளக்குக்கு முன்னால் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உட்கார்வதோடு நிற்கவில்லை. பாசாருக்குக் காய் வாங்கப் போனாலும் நல்ல புடவை கட்டிக்கொண்டாள். விளக்குக்குப் புடவை தெரியாது, வரைபடத்தில் ஒரு புள்ளிதான் தெரியும் என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் பக்கம் போனால் வேண்டுமென்றே அதிகநேரம் நிறுத்தச் சொன்னாள். ‘கோயிலுக்குப் போயிருக்காங்கன்னு தெரியட்டும்.’ சுபாங் ஜெயாவில் மகள் வீட்டுத் தெருவில் மெதுவாக ஓட்டச் சொன்னாள். ஏறிப் போய்க் கதவைத் தட்டலாமே என்றால், “கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போறது?” என்றாள். பெற்ற மகள் வீடு. புள்ளியாக மட்டும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தோம்.

ஒருநாள் நெடுஞ்சாலையில், “கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்” என்றாள்.

“எதுக்கு?”

“கேமரா படம் எடுக்கும்ல. அபராதச் சம்மன் அவ பேருக்குத்தானே போகும்? ஏம்ப்பா இப்படி ஓட்டுறீங்கன்னு திட்டவாச்சும் போன் பண்ணுவா.”

நானும் முட்டாள்தான், மிதித்தேன். கேமராவும் தன் வேலையைச் செய்திருக்கும். ஒரு போனும் வரவில்லை.

ஒருமுறை ஊருக்கு வந்தபோது ‘காடி எடுத்துட்டு வரேன் லா’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தம்பி பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இங்கே வாயைத் திறந்தால் இந்தியாக்காரன் என்கிறார்கள். நிவேதாவோ எங்களோடு பேசும்போது ஒவ்வொரு தமிழ் வார்த்தைக்கும் முன்னால் கொஞ்சம் யோசிப்பாள். யோசிக்கிற சிரமத்தில்தான் பேச்சு குறைந்துவிட்டதோ என்று ஒரு காலத்தில் சமாதானம் செய்துகொண்டேன். இப்போது அந்தச் சமாதானமும் கைவசம் இல்லை.

5

கார் மூன்றாவது முறை சாவதற்கு முந்தின நாள்தான் வசந்தா அந்த யோசனையைச் சொன்னாள்.

“ஆஸ்பத்திரி முன்னாடி நிறுத்துவோம்.”

“யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் நிறுத்துவோம். பாத்தா பதறிப்போய் கூப்பிடுவா. எந்தப் பிள்ளையா இருந்தாலும் கூப்பிடும்.”

தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஒருவேளை கூப்பிடுவாளோ என்று எனக்கும் ஒரு நப்பாசை இருந்தது. இத்தனை நாள் கிண்டல் செய்தவனுக்கு அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றோம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, காரை முழுதாக இயக்காமல் ரேடியோவை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வசந்தா மடியில் போனை வைத்துக்கொண்டாள். பொட்டலத்தில் வடை கொண்டுவந்திருந்தாள். எனக்கு மட்டும் கொடுத்தாள். வெயில் ஏறியது. மூக்கில் குழாய் செருகிய பெரியவர் ஒருவரை அவர் பிள்ளைகள் நான்கு பேர் சூழ்ந்து சக்கர நாற்காலியில் கதவுக்குள் தள்ளிப்போனார்கள். அவர் திரும்பும் வரை அவள் அந்தக் கதவையே பார்த்தாள். நோயைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவளை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

காவல்காரன் வந்தான். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டான். நான் பதில் தேடுவதற்குள் வசந்தா, “அனாக்” என்றாள். பிள்ளை என்று அர்த்தம். எங்கள் பிள்ளை உள்ளே படுத்திருப்பதாக அவன் நினைத்துக்கொண்டான். முகம் இளகியது. நிழல் இருக்கிற இடத்துக்குக் காரை நகர்த்திக்கொள்ளச் சொல்லி, தடுப்புக் கூம்பைத் தானே எடுத்துவைத்தான். நான் அவன் கண்ணைப் பார்க்காமல் காரை நகர்த்தினேன்.

சாப்பாட்டு வேளையில் ‘டிக்’ என்றது. நீல விளக்கு சிமிட்டியது.

வசந்தா போனைக் கையில் எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரேடியோவை நிறுத்தச் சொன்னாள். போனில் மணிச் சத்தம் குறைவாக வைத்திருக்கிறோமோ என்று இரண்டு தடவை பார்த்தாள். சாயங்காலம் வரை காத்திருந்தும் போன் அடிக்கவே இல்லை. வீடு வரும்வரைக்கும் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“பாத்துட்டா. பாத்துட்டும் கூப்பிடல.”

சாயங்காலம் எச்சரிக்கை எழுத்து வந்ததைக்கூட அவளிடம் நான் சொல்லவில்லை. அவளே சமையலறையிலிருந்து ஆரம்பித்தாள். “நீங்க குடுத்த செல்லம். கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்தீங்க. இப்போ சுடுகாட்டு வாசல்ல நிறுத்துவோமா? அப்பவாவது வருவாளா, இல்ல கட்டைவிரல் அனுப்புவாளா?”

“அனுப்புவா” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. பாத்திரத்தைத் தூக்கி எறிந்தாள்.

விடிந்தபோதுதான் கார் செத்துக் கிடந்தது, நான் தொடக்கத்தில் சொன்னேனே, அந்தக் காலை. ரேடியோ குடித்த மின்சாரம் அது என்று எனக்குத் தெரியும். அவளோ, சாயங்காலத்திலிருந்து மகள் மனசு கேட்காமல் திறந்து திறந்து பார்த்திருக்கிறாள் என்று முடிவுகட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அதை ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் குளிக்கப் போன நேரத்தில் நிவேதாவைக் கூப்பிட்டேன்.

“அந்த ஆப்பை அடிக்கடி திறக்காதேம்மா. இங்க பேட்டரி செத்துப்போகுது.”

“எந்த ஆப்?” என்றாள்.

6

சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வேலை இருக்கிறது, வாங்க, சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம் என்று நிவேதா சொல்லியிருந்தாள். இதை மட்டும்தான் வசந்தாவிடம் சொன்னேன்; ‘எந்த ஆப்’ என்று கேட்டதைச் சொல்லவில்லை. “பாத்தீங்களா? கூப்பிட்டுட்டா” என்றாள். முறுக்கு சுட்டாள்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நாங்கள் முதலில் போய் உட்கார்ந்தோம். நிவேதா வரும்போதே போனில் பேசிக்கொண்டு வந்தாள். ஒரு கையால் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இலை போட்டு, சோறு விழுந்து, குழம்பு வந்த பிறகுதான் போனை வைத்தாள். மெலிந்திருந்தாள். வசந்தா தன் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தாள்.

“நானே மறந்துட்டேன் பா அந்த ஆப்ப” என்றபடி நிவேதா மறுபடி போனை எடுத்தாள். பழைய போனோடு செயலி போயிருந்தது. புதிதாக இறக்கி, மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றி, உள்ளே நுழைந்தாள். பார்த்தாள். சிரித்தாள்.

“அப்பா, இது ஆட்டோ ரிப்போர்ட். அந்த கார் வித்தவன் செட் பண்ணி வச்சிருக்கான். சர்வர் தானாவே டெய்லி மூணு தடவ காடிய செக் பண்ணும். யாரும் பாக்கல பா. கம்ப்யூட்டர்.”

நான் இலையைப் பார்த்துக்கொண்டேன்.

“நீ பாக்கலையா?” என்றாள் வசந்தா.

“நானா? ரெண்டு வருஷமா திறக்கவே இல்லம்மா.”

“ஆஸ்பத்திரில நின்னோமே. அது?”

“எந்த ஆஸ்பத்திரி? யாருக்கு என்ன?”

வசந்தா சொல்லத் தொடங்கினாள். சொல்லாதே என்று மேசைக்கடியில் காலால் தட்டினேன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். புடவை, கோயில் வாசல், சுபாங் ஜெயாவில் தெருவைச் சுற்றியது, நெடுஞ்சாலையில் மிதித்தது, ஆஸ்பத்திரி வெயில். கோர்ட்டில் சாட்சி சொல்பவள்போல ஒன்றும் விடாமல் சொன்னாள்.

“ஓ, அந்த ஸ்பீடிங் சம்மன் அதுக்கா? நான் கட்டிட்டேன்” என்றாள் நிவேதா. பிறகு அவளால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். “அம்மா, யூ ஆர் ஸோ க்யூட் லா. ஆஸ்பத்திரி வாசல்லயா! இத நான் ஆபீஸ்ல சொல்லணும்.” சொல்லியும்விட்டாள், அங்கேயே, ஒற்றைக் கையால் போனில் தட்டி. யாரோ உடனே பதில் அனுப்பினார்கள். அதற்கும் சிரித்தாள்.

அவளிடம் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. திட்டித் தீர்க்கிற பகையாக இருந்தால் ஒரு நாள் சமாதானம் ஆகலாம். எங்களை நினைக்க மறந்துபோனவளிடம் எதற்குச் சண்டை போடுவது?

வசந்தாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் சிரிப்பு அடங்கியது. “ஸாரிம்மா. போன் பண்ணியிருக்கலாமே நீங்க. நான் எடுக்காம இருப்பேனா?”

“டப்பாவக் கழட்டிடலாம்” என்றேன். “அதோட தொல்லை விட்டுச்சு.”

“நீங்க சும்மா இருங்க” என்றாள் வசந்தா. மகளிடம் திரும்பினாள். “அந்த கம்ப்யூட்டர் பாக்குறத மட்டும் நிறுத்த முடியுமா? நீ பாத்தா மட்டும் விளக்கு எரியற மாதிரி?”

“ஓ, ஈஸி.” இரண்டு தட்டு தட்டினாள். “முடிஞ்சுது. இனிமே நான் திறந்தா மட்டும்தான் அது காடிய எழுப்பும். டெய்லி பாக்குறேன். ப்ராமிஸ்.”

“நெசமா?”

“ப்ராமிஸ் மா.”

அவசரமாகப் போனாள். முறுக்குப் பொட்டலம் நாற்காலியிலேயே இருந்தது. நான் எடுத்துக்கொண்டு ஓடியபோது அவள் கார் கிளம்பியிருந்தது.

திரும்பி வரும்போது பெட்டாலிங் ஜெயா அருகே நெரிசலில் நின்றோம். நீல விளக்கு ஒருமுறை சிமிட்டியது. வேலை செய்கிறதா என்று சோதித்திருப்பாள். வசந்தா விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது அணைந்த பிறகும் எடுக்கவில்லை. “இது கம்ப்யூட்டர் இல்ல” என்றாள். கிள்ளான் வரைக்கும் அவள் முகம் நன்றாக இருந்தது.

7

மாதங்கள் போய்விட்டன. காருக்கு இப்போது ஒரு நோயும் இல்லை. மஞ்சள் எழுத்து வருவதில்லை, சாவியை அழுத்தினால் கதவு திறக்கிறது. குணா ஒருநாள் சோதித்துப் பார்த்துவிட்டு, “புதுப் பொண்ணு மாதிரி இருக்கு பாஸ். இனி எங்கடைக்கு வர மாட்டீங்க” என்று வருத்தப்பட்டான்.

உங்களுக்கு இதன் கணக்கு புரிந்திருக்கும். யாராவது செயலியைத் திறந்தால் கார் விழிக்கும். விழித்தால் சின்ன பேட்டரி கொஞ்சமாவது இறங்கும். நான் பழைய வழக்கப்படி தினமும் காலையில் பானெட்டைத் தூக்கி மீட்டரை வைக்கிறேன். பன்னிரண்டு புள்ளி ஆறு. நிறைந்த, ஆரோக்கியமான, யாரும் தொடாத பேட்டரி காட்டுகிற எண் அது. தொழிலில் இருந்த காலத்தில் இப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன்.

வசந்தா ஆரம்பத்தில் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தாள். பிறகு வாசற்படியில் நின்று பார்த்தாள். பிறகு சமையலறையிலிருந்தே கேட்கத் தொடங்கினாள்.

“பேட்டரி எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

அவ்வளவுதான். தாளிக்கிற சத்தம் கேட்கும். நல்லா இருக்கு என்கிற அந்த வார்த்தையைவிடக் கொடுமையான எதையும் என் மனைவியிடம் நான் சொன்னதில்லை, சண்டையில்கூட. தினமும் அதைச் சொல்கிறேன்.

போன வாரம் முடியவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்து எழுந்திருந்தாள், கண் உள்ளே போயிருந்தது. வழக்கம்போல அடுப்படியிலிருந்து கேட்டாள். மீட்டரில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே, “கொஞ்சம் இறங்கியிருக்கு வசந்தா” என்றேன். “பன்னெண்டு புள்ளி ஒண்ணுதான் காட்டுது. ராத்திரி திறந்து பாத்திருக்கா போல.”

கொஞ்ச நேரத்தில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மகள் பார்த்ததாகச் சொன்னால் வருகிற அந்த வெளிச்சத்தை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். அவள் மீட்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“பொய் சொல்லாதீங்க. நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே நான் வச்சுப் பாத்துருவேன். செகப்பு பிளஸ்ல, கறுப்பு மைனஸ்ல” என்றாள். “பன்னெண்டு புள்ளி ஆறு. தினமும் அதேதான்.”